'ரீ-ரீவைண்ட்' யார் பாட்டு? கிரெய்க் டேவிட்டா, ஆர்ட்ஃபுல் டாட்ஜரா?

#1 – கேசட்காரன்

நேற்றுப் பரணில் ஒரு பெட்டியைக் கிளறியபோது, 2000-இல் மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த கேசட் கிடைத்தது. உறையில் அவர் கையெழுத்தில் 'ரீவைண்ட் – கிரெய்க் டேவிட்' என்று இருக்கிறது. நானும் இத்தனை வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் 1999 நவம்பர் கடைசியில் அந்த லண்டன் 'கேரேஜ்' வகை நடனப் பாட்டு சிங்கிளாக (தனிப் பாட்டாக) வெளிவந்தது ஆர்ட்ஃபுல் டாட்ஜர் என்ற பெயரில். மார்க் ஹில், பீட் டெவரூ என்ற இரண்டு பேர், சவுத்தாம்டனில் இசை செய்துகொண்டிருந்தவர்கள். பாடகர் கிரெய்க் டேவிட் அதில் விருந்தாளியாக வந்து பாடியவர், அவ்வளவுதான்.

என் கேள்வி இதுதான். தாளத்தைக் கட்டி, பாட்டை உருவாக்கியது அந்த இருவர். ஆனால் யாரைக் கேட்டாலும் 'அது கிரெய்க் டேவிட் பாட்டு' என்கிறார்கள். விருந்தாளி வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட கதையா இது? இல்லை, பாட்டு உண்மையிலேயே அவருடையதுதானா?

#2 – புதுசு_பையன்

அண்ணா, சின்ன சந்தேகம். கேரேஜ் என்றால் வீட்டு கார் ஷெட்டில் நாலு பேர் கிட்டாரை அடிக்கிற இசைதானே? இந்தப் பாட்டில் கிட்டாரே இல்லையே.

#3 – மெட்டுப்பித்தன்

தம்பி, நீங்கள் சொல்வது கேரேஜ் ராக். அது வேறு வம்சம். இந்தக் கேரேஜுக்குப் பெயர் வந்தது நியூயார்க் கிங் தெருவில் இருந்த பாரடைஸ் கேரேஜ் என்ற நடன விடுதியிலிருந்து. 1977 முதல் 1987 வரை நடந்தது, டி.ஜே. லாரி லெவன். அந்தக் கட்டடம் முன்பு நிஜமாகவே கார் நிறுத்துமிடம்தான், அதனால் நீங்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது.

அங்கே ஓடிய, சர்ச் பாடகர்களின் குரல் வாசம் வீசும் ஹவுஸ் என்ற நடன இசைக்குக் கேரேஜ் என்று பெயர் விழுந்தது. 90-களில் லண்டன் டி.ஜே.க்கள் அதே இசைத்தட்டுகளின் வேகத்தைக் கூட்டிப் போட்டார்கள். எலிஃபண்ட் அண்ட் காசில் பகுதியில் சனிக்கிழமை இரவு மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் கிளப்பில் ஆடி முடித்தவர்களுக்கு, ஞாயிறு காலை பக்கத்து மதுக்கடையில் ஆட்டம் தொடரும். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வேகம் போதவில்லை, பேஸும் (கனத்த அடிநாதம்) போதவில்லை. லண்டன் கேரேஜ் அங்கே பிறந்தது.

இன்னொன்று. அமெரிக்கர்கள் 'கராஜ்' என்று இழுப்பார்கள். லண்டன்காரன் 'கேரிட்ஜ்' என்று வெட்டித்தான் சொல்வான். நாம் 'கேரேஜ்' என்று எழுதிவிட்டுப் போவோம்.

#4 – எதிர்ப்பாட்டு

கேசட்காரன் கேள்வியே தப்பு. பாட்டுக்குள்ளேயே பையன் தன் பெயரைச் சொல்லிப் பாடுகிறான்! 'கிரெய்க் டேவிட்' என்று முழுப் பெயரும் வருகிறது, அதற்குப் பின்னால் சொல்லக் கூடாத வார்த்தை வரவேண்டிய இடத்தில் ஒரு 'பொய்ங்' ஒலி. வானொலியில் ஒரு நாளைக்குப் பத்து தடவை ஒருவன் தன் பெயரைத் தானே அறிவித்தால் உலகம் யார் பெயரை ஞாபகம் வைக்கும்? அட்டையில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருந்தால் என்ன?

#5 – வடக்குலண்டன்_வாசி

ஓம், எதிர்ப்பாட்டு சொல்வது சரி, ஆனால் அது பையனின் தந்திரம் இல்லை. எம்.சி. மரபு. எம்.சி. என்றால் மைக் பிடித்துக் கூட்டத்தைச் சூடேற்றுபவர். அவர் தன் பெயர், டி.ஜே.யின் பெயர், வானொலியின் பெயர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருப்பார். கிரெய்க் டேவிட் சவுத்தாம்டனில் எம்.சி.யாக மைக் பிடித்து வளர்ந்தவர். அவருடைய அப்பா கிரெனடா தீவிலிருந்து வந்த குடும்பம், எபனி ராக்கர்ஸ் என்ற ரெகே குழுவில் இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கு மைக்கில் பெயர் சொல்வது சங்கடமான விடயம் இல்லை.

நான் அப்போது பதினாறு வயது. 1999 கோடையில் எங்கள் பக்கத்துப் பெடியன்கள் எல்லாரும் திருட்டு வானொலிதான் கேட்போம். அடுக்குமாடி உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவார்கள். அரசு ஆட்கள் வந்து டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிக்கொண்டு போவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு கூரையிலிருந்து திரும்பவும் வரும். இன்று முறையான உரிமத்தோடு ஓடும் ரின்ஸ் எஃப்.எம். கூட 1994-இல் இப்படித் தொடங்கியதுதான், உரிமம் கிடைத்தது 2010-இல்.

இங்கே நம்மவர்களுக்கு விளங்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால் அந்த வானொலியின் கைபேசிக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு தடவை அடித்து வைத்துவிடலாம், காசு போகாது. ஸ்டூடியோவில் போன் விடாமல் மினுங்கினால் டி.ஜே. இசைத்தட்டில் கையை வைத்துப் பின்னோக்கிச் சுழற்றுவார். 'வ்வ்வ்ர்ர்ப்' என்று ஒரு சத்தம், எம்.சி. கத்துவார், பாட்டு முதலிலிருந்து தொடங்கும். அதுதான் ரீவைண்ட்.

#6 – கேசட்காரன்

மிஸ்டு கால் நம் ஊர் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேனே அண்ணா!

சரி, பாட்டின் முழுத் தலைப்பில் இருக்கிற 'போ செலக்டா' என்பது என்ன? நான் சின்ன வயதில் அதை ஆள் பெயர் என்று நினைத்தேன். ரிக்கி மார்ட்டின் மாதிரி ஒருவர், போ செலக்டா.

#7 – மெட்டுப்பித்தன்

ஆள் பெயர் :)

ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் பேச்சு அது. தெருவில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி ஆட்டம் நடத்துவார்கள். அங்கே 'டி.ஜே.' என்றால் மைக்கில் பேசுபவர். இசைத்தட்டைத் தேர்ந்து போடுபவர் 'செலக்டர்', வாய்வழக்கில் செலக்டா. பாட்டு பிடித்துப்போனால் கூட்டம் துப்பாக்கிச் சத்தம் போலக் கத்தும், 'போ!' அல்லது 'பிராப்!' என்று. 'போ, செலக்டா' என்றால் 'அடி சக்கை, திரும்பப் போடுய்யா' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவிலிருந்து லண்டனுக்குக் குடிவந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம் இது. ஜங்கிள் என்ற வேகமான நடன இசைக்குள் போய், அங்கிருந்து கேரேஜுக்குள் வந்தது.

இந்தப் பாட்டின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது என்பேன். காதல், பிரிவு எதுவும் பெரிதாக இல்லை. கூட்டம் கத்துகிறது, டி.ஜே. என்ன செய்யப்போகிறார் என்பதுதான் விஷயம். அதாவது, பாட்டுப் போட்டால் கூட்டம் என்ன செய்யுமோ அது பாட்டுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. பல்லவி வரும்போது கூட்டம் கத்தாமல் என்ன செய்யும்?

#8 – எதிர்ப்பாட்டு

அப்படியானால் பாட்டு கூட்டத்துடையது. இழையை மூடிவிடலாம்.

#9 – நித்யா_82

மூடாதீர்கள், நான் இப்போதுதான் வந்தேன்.

சவுத்தாம்டனில் ஒரு வருடம் மேற்படிப்புப் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அது துறைமுக ஊர். டைட்டானிக் புறப்பட்ட ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். லண்டன் கேரேஜ்காரர்களுக்கு அது பட்டிக்காடு. அதனால் ஹில்லும் டெவரூவும் வெளியாட்கள், லண்டன் கூட்டத்துக்குள் நேராக நுழைய முடியாதவர்கள். முதலில் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? பிரபலப் பாட்டுகளை அனுமதியில்லாமல் எடுத்து, கேரேஜ் தாளம் போட்டு, வெள்ளை லேபிள் இசைத்தட்டாக விற்றது. ஆர்ட்ஃபுல் டாட்ஜர் என்ற பெயரே அந்தக் களவுக்கு ஒரு கண்சிமிட்டல். டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்ட் நாவலில் வரும் பிக்பாக்கெட் பையனின் பெயர் அது.

கிரெய்க் டேவிட் வளர்ந்தது அதே ஊரின் ஹோலிரூட் குடியிருப்பில். 1981 மே மாதம் பிறந்தவர், பாட்டு வந்தபோது 18 வயது. அம்மா கடையில் வேலை பார்த்தவர். மூவருமே லண்டனுக்கு வெளியே நின்றவர்கள். அவர்கள் பாட்டுத்தான் லண்டன் இரவு வாழ்க்கையின் கீதமானது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

#10 – புதுசு_பையன்

அக்கா, அப்படியென்றால் வெள்ளை லேபிள் என்பது?

#11 – நித்யா_82

நடுவில் ஒட்டும் லேபிளில் பெயர், படம் எதுவும் அச்சிடாமல் விடுவது தம்பி. சில நூறு பிரதிகள் அடித்து, காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு கடை கடையாக விற்பார்கள். யார் செய்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

#12 – வடக்குலண்டன்_வாசி

அதற்கும் முன்னால் டப்பிளேட். அலுமினியத் தட்டின் மேல் லாக்கர் பூசி ஒரே ஒரு பிரதி வெட்டித் தருவார்கள். வடக்கு லண்டனில் மியூசிக் ஹவுஸ் என்ற இடத்தில் டி.ஜே.க்கள் வரிசையில் நிற்பார்கள். சில பத்துத் தடவை ஓட்டினால் ஒலி தேய்ந்துபோகும். அதனால் இன்றிரவு இந்தப் பாட்டு இந்த ஆளிடம் மட்டும்தான் என்ற பெருமை. அப்படிப்பட்ட பாட்டைக் கேட்டுக் கூட்டம் 'போ' என்று கத்தினால் அதற்கு அர்த்தம் இருந்தது. வீட்டுக்குப் போய் நீங்கள் அதை மீண்டும் கேட்க வழியில்லை. இப்போதே, இங்கேயே திரும்பப் போட்டால்தான் உண்டு.

#13 – மெட்டுப்பித்தன்

யாரும் தாளத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் பேசாமல் போனால் தூக்கம் வராது.

சாதாரண ஹவுஸ் இசையில் நாலு தட்டிலும் பேஸ் டிரம் விழும். டும் டும் டும் டும். 1997 வாக்கில் வந்த ஸ்பீடு கேரேஜிலும் இதே கதைதான், டபுள் 99-இன் 'ரிப்குரூவ்' கேட்டுப் பாருங்கள். அதற்கு அடுத்து வந்தது டூ-ஸ்டெப். இதில் இரண்டாவது, நான்காவது தட்டுகளில் பேஸ் டிரம்மை எடுத்துவிடுவார்கள். அங்கே ஸ்னேர் என்ற சடசடக்கும் சின்ன டிரம் மட்டும். மூன்றாவதும் அதன் இடத்தில் ஒழுங்காக விழாது, கொஞ்சம் தள்ளி விழும். ஹை-ஹாட் என்ற ஜால்ரா சம இடைவெளியில் வராமல் ஒன்று நீண்டு ஒன்று குறுகி, நொண்டி நொண்டி வரும். படியில் இறங்கும்போது ஒரு படி இல்லையென்றால் வயிற்றில் ஒரு 'ஜில்' வருமே, அதுதான் இந்தத் தாளம். காலியாக விட்ட அந்த இடத்தில் பேஸ் வந்து உட்காரும்.

வேகம் நிமிடத்துக்கு 130 தட்டை ஒட்டி இருக்கும். ஆனால் பாடகர் அதன் பாதி வேகத்தில் சாவகாசமாகப் பாடலாம், ஆர் அண்ட் பி பாடுவது போல. உடம்பு வேகத்தில் ஆடும், காது மெதுவாகக் கேட்கும். பெண்கள் ஆடுகிற இசை என்று டூ-ஸ்டெப்புக்குப் பெயர் வந்ததற்கு இதுதான் காரணம். இதை முதலில் பெரிதாகக் காட்டியது டினா மூரின் 'நெவர் கோனா லெட் யூ கோ' ரீமிக்ஸ். செய்தவர் லண்டன்காரர் கூட இல்லை, சிகாகோவின் கெல்லி ஜி. 1997-இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 7-ஆம் இடம் வரை போனது.

மார்க் ஹில் முறையாகச் சாஸ்திரிய இசை படித்தவர், தாளக் கருவிக்காரர். மற்ற கேரேஜ் பாட்டுகளில் சாம்பிள் (வேறு பாட்டின் துண்டு) வெட்டி ஒட்டிய இடத்தில், இவர் நரம்பைச் சுண்டியது போன்ற குறுகிய ஒலிகளை அளந்து வைக்கிறார். எதுவும் ஒன்றை ஒன்று இடிக்காது. அதனால் கேசட்காரன், என் வாக்கு ஹில்லுக்கு. அந்தக் காலி இடத்தை விட்டுவைத்தது அவர். அதில் பையன் போய் உட்கார்ந்தான்.

#14 – எதிர்ப்பாட்டு

மேற்கோள்: 'அதில் பையன் போய் உட்கார்ந்தான்'

அதே காலி இடத்தில் வேறு ஆட்களும் உட்கார்ந்தார்களே. 2000-இல் ரொமினா ஜான்சன் பாடிய 'மூவின் டூ ஃபாஸ்ட்' அதே ஆர்ட்ஃபுல் டாட்ஜர் பாட்டுத்தான், 'ரீ-ரீவைண்ட்' பிடித்த அதே 2-ஆம் இடம். லிஃபோர்ட் பாடிய 'ப்ளீஸ் டோன்ட் டர்ன் மீ ஆன்' 4-ஆம் இடம். தெருவில் யாரையாவது நிறுத்தி இவர்கள் பெயரைக் கேளுங்கள் பார்ப்போம். தாளம்தான் எல்லாம் என்றால் ரொமினா ஜான்சனும் நட்சத்திரமாகியிருக்க வேண்டும்.

#15 – மெட்டுப்பித்தன்

அடி வாங்கிக்கொண்டேன். நியாயமான கேள்வி.

ஆனால் திருப்பியும் கேட்கலாம். 2000 ஏப்ரலில் கிரெய்க் டேவிட்டின் முதல் தனிப் பாட்டு 'ஃபில் மீ இன்' முதலிடம் போனது, அப்போதும் அவருக்கு 18 தான். அதை அவரோடு சேர்ந்து எழுதியது யார்? மார்க் ஹில். ஆகஸ்டில் வந்த 'பார்ன் டு டூ இட்' ஆல்பத்தின் தயாரிப்பாளர் யார்? அதுவும் ஹில். அட்டையில் ஹெட்போன் மாட்டிய பையன் முகம் மட்டும்தான் இருந்தது.

#16 – மட்டுறுத்துநர்

'கேரேஜா, ஜங்கிளா எது பெரியது' என்று தொடங்கிய நான்கு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றிவிட்டேன். இங்கே இந்தப் பாட்டைப் பற்றி மட்டும்.

#17 – கேசட்காரன்

நன்றி ஐயா. இவ்வளவு பெரிய பாட்டு ஏன் முதலிடம் போகவில்லை? 2-இல் நின்றது என்றுதான் எங்கும் இருக்கிறது.

#18 – வடக்குலண்டன்_வாசி

அந்த வயிற்றெரிச்சலைக் கிளறாதே தம்பி. முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது கிளிஃப் ரிச்சர்ட். வயது 59. 'பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே' என்ற கர்த்தருடைய ஜெபத்தை, புத்தாண்டு நள்ளிரவில் பாடுகிற 'ஓல்ட் லாங் சைன்' மெட்டில் போட்டு 'மில்லேனியம் பிரேயர்' என்று வெளியிட்டார். அவருடைய பழைய நிறுவனமான இ.எம்.ஐ.யே வேண்டாம் என்றது. பெரிய வானொலிகள் போட மறுத்தன. ஆனால் தர்ம காரியத்துக்குப் பணம் போகிறது என்று தேவாலயக் கூட்டம் மொத்தமாக வாங்கியது. மூன்று வாரம் முதலிடம்.

எங்கள் வகுப்பில் அது பெரிய துக்கம். பெரிய வானொலி போடாத பாட்டு என்று பெருமை பேசியது நாங்கள். கடைசியில் வானொலி போடாமலே ஜெயித்தது கிளிஃப் ரிச்சர்ட்! எங்கள் அம்மாவும் அந்த ஜெபப் பாட்டை வாங்கினார் என்பதை இங்கே முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன்.

கேரேஜுக்கு முதலிடம் புதிதில்லை. அதே ஆண்டு மே மாதம் ஷாங்க்ஸ் அண்ட் பிக்ஃபுட்டின் 'ஸ்வீட் லைக் சாக்லேட்' இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அது எல்லாருக்கும் இனிக்கிற பாட்டு. 'ரீ-ரீவைண்ட்' கேட்டால்தான் எங்கள் தெருப் பேச்சு வானொலியில் வந்ததுபோல் இருந்தது.

#19 – நித்யா_82

அந்தக் காலத்தில் நீங்கள் கிளப்புக்கெல்லாம் போனீர்களா அண்ணா? ஷாம்பெயின், பளபளா சட்டை எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன்.

#20 – வடக்குலண்டன்_வாசி

2001-இல் 18 ஆனதும் போனேன், ஒரே தடவை. கேரேஜ் இரவு என்றால் ஓடுகிற சப்பாத்து கூடாது, ஜீன்ஸ் கூடாது. மோஸ்கினோ, வெர்சாச்சி போட்டவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் மச்சானின் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். தெற்கு லண்டனில் ஒரு கிளப், பெயர் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் குளிரில் நின்ற பிறகு, வாசலில் நின்றவர் என் காலைப் பார்த்தார். கறுப்புச் சப்பாத்துத்தான், ஆனால் பள்ளிக்கூடச் சப்பாத்து. திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே இருந்து பேஸ் மட்டும் சுவர் வழியே வந்துகொண்டிருந்தது. இரவு பஸ்ஸில் வீடு.

அதற்குப் பிறகு நிலைமை மாறியது. 2001 ஆகஸ்டில் பேட்டர்சீயின் சோ சாலிட் க்ரூ '21 செகண்ட்ஸ்' பாட்டோடு முதலிடம் வந்தது, ஒவ்வொரு எம்.சி.க்கும் 21 விநாடி. அதே ஆண்டு அவர்கள் நிகழ்ச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. போலீஸ், பத்திரிகை எல்லாம் கேரேஜ் என்றாலே துப்பாக்கி என்றன. இடம் கொடுக்கப் பயந்தார்கள். பெடியன்கள் கேரேஜிலிருந்து கிளைத்த 'க்ரைம்' (grime, குற்றம் என்ற crime இல்லை), டப்ஸ்டெப் என்ற இசைகளுக்குப் போய்விட்டார்கள்.

#21 – எதிர்ப்பாட்டு

கிரெய்க் டேவிட்டுக்கு வந்த கெட்ட காலத்தையும் சொல்லுங்கள். அதற்கும் இந்தப் பாட்டுத்தான் காரணம். 2002-இல் சேனல் 4-இல் லீ ஃபிரான்சிஸ் என்ற வெள்ளைக்கார நகைச்சுவையாளர் ரப்பர் முகமூடி மாட்டிக்கொண்டு கிரெய்க் டேவிட்டாக வந்தார். நிகழ்ச்சியின் பெயரே 'போ செலக்டா!'. தன் பெயரை நீட்டி முழக்கிக் கத்துவதுதான் வேடிக்கை. நான் #4-இல் சொன்னேனே, பெயரைச் சொன்னதால் ஜெயித்தான் என்று. அதே பெயர் சொன்னதுதான் திரும்பி வந்து கடித்தது. ஜமைக்காத் தெருவிலிருந்து வந்த வார்த்தை, கரீபியத் தீவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளையைக் கேலி செய்யும் தலைப்பானது. லீ ஃபிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டது 2020-இல். பதினெட்டு வருடம் கழித்து.

இங்கே மட்டும் நான் வேடிக்கைக்கு எதிர்ப்பாட்டுப் பாடவில்லை.

#22 – நித்யா_82

அதற்கு முன்னாலேயே 2001 பிரிட் இசை விருதில் ஆறு பரிந்துரை பெற்று ஒன்றும் கிடைக்காமல் போனார். மறந்துவிட்டீர்கள்.

#23 – புதுசு_பையன்

நான் அவரைத் தெரிந்துகொண்டதே 2015 வீடியோவில்தான். குருப்ட் எஃப்.எம். பசங்களோடு பி.பி.சி. 1எக்ஸ்ட்ரா வானொலிக்கு வந்து, ஜாக் யூ என்ற மின்னிசை இரட்டையரின் தாளத்தின் மேல் 'ஃபில் மீ இன்' பாடுவார். திருட்டு வானொலியைக் கிண்டல் செய்கிற நகைச்சுவைக் குழு அது. ஆனால் அவர் பாடத் தொடங்கியதும் அறையில் இருந்தவர்கள் துள்ளுகிறார்கள். கிண்டல் காணாமல் போய்விடும். ரீவைண்ட் என்றால் என்னவென்று அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது.

#24 – கேசட்காரன்

சரி, ஹில்லும் டெவரூவும் இப்போது என்ன செய்கிறார்கள்? ஆர்ட்ஃபுல் டாட்ஜர் கச்சேரி என்று இன்னும் விளம்பரம் வருகிறதே.

#25 – மெட்டுப்பித்தன்

அதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். டெவரூ 2001 வாக்கில் விலகினார், பிறகு ஹில்லும். ஆர்ட்ஃபுல் டாட்ஜர் என்ற பெயரில் மேடை ஏறுபவர்கள் டி.ஜே. டேவ் லோவும் எம்.சி. அலிஸ்டரும். பாட்டைச் செய்த இருவரும் பிறகு மீண்டும் சேர்ந்து வந்தபோது, 'ஒரிஜினல் டாட்ஜர்' என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிக்பாக்கெட் பையனின் பெயரைச் செல்லமாக வைத்துக்கொண்டார்கள். கடைசியில் பாக்கெட்டில் இருந்த பெயரும் போயிற்று.

#26 – கேசட்காரன்

அப்போது பாட்டைக் கிரெய்க் டேவிட் கொண்டுபோனார், பெயரை வேறு இருவர் கொண்டுபோனார்கள். மாமாவின் கையெழுத்துக்குக் கீழே நான் இன்று பேனாவால் 'ஹில், டெவரூ' என்று எழுதிவைத்தேன். கேசட் ஓடுகிறதா என்று கேட்காதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறது, ரீவைண்ட் பண்ணினால் அறுந்துவிடும்.

#27 – வடக்குலண்டன்_வாசி

போன மாதம் ஹாரோவில் ஒரு கலியாணம். சாப்பாடு முடிந்து, சினிமாப் பாட்டெல்லாம் ஓய்ந்த பிறகு டி.ஜே. தம்பி திடீரென்று இந்தப் பாட்டைப் போட்டார். வேட்டி கட்டிய, தலை நரைத்த ஒரு கூட்டமே கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. எல்லாம் என் வயதுக்காரர். பல்லவியில் ஒருவர் 'போ!' என்று கத்த, மற்றவர்களும் மேசையில் தட்டிக் கத்த, அந்தத் தம்பிக்கு விடயம் தெரிந்திருந்தது. லேப்டாப்பில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். பாட்டு நின்று, 'வ்ர்ர்ப்', திரும்பவும் தொடக்கத்திலிருந்து.

என் மகள் காதுக்குள் கேட்டாள்: "அப்பா, வைஃபை போயிட்டுதா?"